ஆள் பிடிக்க மட்டும் எங்களைப் பழக்காதீர்கள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் மருத்துவ ஆய்வு நடத்தும் பேராசிரியர்களுக்கும், அவற்றுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்களுக்கும்,

வணக்கம். நான் பரங்கிப்பேட்டைக்காரி, ஸ்டாஃப் நர்ஸ். ஒரு மருந்து ஆய்வில் இரண்டு வருஷம் களப்பணி நர்ஸாக இருந்தேன். எந்த ஆஸ்பத்திரி, என்ன மருந்து என்பதெல்லாம் இங்கே வேண்டாம். முஸ்லிம், தலித், இருளர் வீட்டுப் பெண்களை நர்ஸாக எடுத்து ஆய்வுப் பணிக்குப் பயிற்சி கொடுத்தால் அந்த மக்களும் ஆய்வுக்குள் வருவார்கள் என்று பேசுகிறீர்கள். நல்ல விஷயம்தான். எதற்குப் பயிற்சி என்பதில்தான் எனக்குச் சண்டை.

என்னை ஏன் எடுத்தார்கள் என்பது முதல் வாரமே புரிந்துவிட்டது. எங்கள் தெருவில் வெளி ஆள் போய் ரத்தம் எடுக்க வேண்டும் என்றால் கதவு பாதிதான் திறக்கும். நான் போனால் "வா லாத்தா, உம்மா சுகமா இருக்கா" என்று உட்காரவைத்து டீ போடுவார்கள், டீ ஆறுவதற்குள் படிவத்தில் கையெழுத்தும் விழுந்துவிடும். படித்துப் பார்த்துப் போட்ட கையெழுத்து இல்லை அது, என் முகத்தைப் பார்த்துப் போட்டது. மாதக் கடைசியில் எத்தனை பேரைச் சேர்த்தேன் என்று கேட்டார்கள். எத்தனை பேருக்குப் புரிந்தது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

அந்தப் படிவத்தின் தமிழையும் சொல்ல வேண்டும். "சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு", "மருந்துப்போலி". ஒரு பாட்டி கேட்டார், "போலி மருந்தா? ஏம்மா, எங்களுக்கு மட்டும் போலியா?" சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி பாட்டி, சில பேருக்கு மருந்து, சில பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது என்று விளக்கினேன். "டாக்டருக்கே தெரியாதுன்னா பின்ன யாருக்குத்தான் தெரியும்?" என்றார். நியாயமான கேள்வி. யாருக்கு எது என்று மறைத்து வைத்த ரகசியத்தை அவசரத்தில் எப்படித் திறப்பார்கள் என்பதை எனக்கே யாரும் சொல்லித் தரவில்லை. மேலதிகாரிகளிடம் கேட்டதற்கு, "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சிஸ்டர்" என்று பதில் வந்தது.

அப்புறம் நேரம். ரமலானில் மூன்று வேளை மாத்திரை, மதியம் இரண்டு மணிக்கு ரத்தம். நோன்பு பிடித்தவர்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனார்கள், ரெக்கார்டில் "ஒத்துழைக்கவில்லை" என்று ஏறியது. திட்டம் எழுதும்போதே எங்களில் ஒருத்தியைக் கேட்டிருந்தால், நோன்பு திறந்த பிறகு ஒரு வேளை, விடியலுக்கு முன் சாப்பிடும் சஹரில் ஒரு வேளை என்று மருந்தைப் பிரிக்க முடியுமா என்றாவது யோசித்திருக்கலாம். கிள்ளைப் பக்கத்து இருளர் பெண்கள் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து, பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு இறால் தடவப் போய்விடுவார்கள். பகல் பதினொன்றுக்கு ஜீப்பில் போய் இறங்கி வீட்டில் ஆள் இல்லை என்றால் யார் தப்பு? யானைக்கால் புழு ராத்திரியில்தான் ரத்தத்தில் ஓடும் என்று தெரிந்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் தெருத்தெருவாக விரல் குத்தி ரத்தம் எடுத்த ஊர் இது. புழுவின் நேரத்துக்கு வேலையை மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு மனுஷர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ள ஏன் முடியாது?

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவர் ரேகை வைத்தால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி ஒப்புதல் பேச்சு முழுக்க உடன் இருக்க வேண்டும். 2019 புதிய மருந்து விதிகளிலும் இது உண்டு. ஒருநாள் சாட்சிக்கு ஆள் கிடைக்கவில்லை. நானே கையெழுத்துப் போட்டேன். நான் ஆய்வுச் சம்பளம் வாங்குகிறவள், அதுவும் பாதிப் பேச்சுதான் கேட்டேன். அந்த அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் அந்தக் காகிதத்தில் இருப்பது என் பெயர்.

அதற்குப் பிறகுதான் யூனிஸ் ரிவர்ஸ் என்ற நர்ஸைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் அலபாமா, டஸ்கிகி. 1932இல் தொடங்கிய அரசு ஆய்வு, சுமார் 600 கறுப்பின ஆண்கள், அதில் 399 பேருக்கு மேகநோய் (சிபிலிஸ்). சிகிச்சை என்று நம்பவைத்து, நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 1940களில் பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. 1972இல் பத்திரிகையில் வெளிவந்த பிறகுதான் நின்றது. அத்தனை வருஷம் அந்த மனிதர்களை வண்டியில் கூட்டிப் போனவரும், செத்தால் பிரேதப் பரிசோதனைக்கு வீட்டாரைச் சம்மதிக்க வைத்தவரும் அவர்கள் இனத்து நர்ஸான இந்த ரிவர்ஸ்தான். பாசமான பெண் என்கிறார்கள், நான் நம்புகிறேன். நானும் பாசமாகத்தான் இருந்தேன்.

நம் நாட்டுக் கதையும் இருக்கிறது. 2009இல் அப்போதைய ஆந்திராவின் (இப்போது தெலங்கானா) கம்மம் பக்கம் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டத்தில், பழங்குடிச் சிறுமிகள் பலருக்குப் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்களே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சில சிறுமிகள் இறந்தபோது, தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்று விசாரணை சொன்னது. ஆனால் அந்தக் கையெழுத்துகளை யாராலும் நியாயப்படுத்த முடியவில்லை.

அதனால் பயிற்சி கொடுங்கள், முழுசாகக் கொடுங்கள். ஊசி குத்தவும் ஃபார்ம் நிரப்பவும் எங்களுக்குத் தெரியும். ஆய்வுத் திட்டத்தைப் படிக்க, கேள்வி கேட்க, ஒருவருக்கு ஏதாவது ஆனால் மேலே யாரையும் கேட்காமல் நெறிமுறைக் குழுவுக்கே நேராகப் போன் செய்யச் சொல்லிக் கொடுங்கள், அப்படிச் செய்தவளின் ஒப்பந்தத்தை அடுத்த மாதம் முடித்துவிடாதீர்கள். சேர்த்த தலைக்கு ஊக்கத்தொகை என்பதை எடுத்துவிடுங்கள். "வேண்டாம்" என்று போனவர்களின் காரணத்தையும் எழுத ஒரு பக்கம் ஒதுக்குங்கள். உங்கள் குழுவில் குறைந்தது ஏழு பேர், அதில் ஒருவர் சாமானியர் என்பது விதி. அந்த நாற்காலியில் தேவனாம்பட்டினத்து மீனவப் பெண்ணோ கிள்ளை இருளரோ உட்காரட்டும், அன்றைக்கு அவர் இழக்கிற கூலிக்குப் பணமும் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. வகுப்பைப் புதுச்சேரியில் வைத்தால் நாலு மணிக்குள் முடித்துவிடுங்கள். கடலூரில் பஸ் மாறி நாங்கள் வீடு போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
பரங்கிப்பேட்டை நர்ஸ் ஒருத்தி