பைக்குள் இருக்கும் உறுதி

உப்சாலா, சுவீடன்
15.12.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் அப்பாவும் அம்மம்மாவும் தம்பியும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன்.

சின்ன மாமியின் மகனிடம் கொடுத்துவிட்ட மிளகாய்த்தூளும் கடிதமும் கிடைத்து மூன்று கிழமை ஆகிறது. இவ்வளவு நாளும் பதில் போடாதது என் பிழைதான். போனில் கதைக்கும்போது அப்பா பக்கத்தில் இருப்பதால்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று முதல் வரியிலேயே விளங்கிவிட்டது. அதனால் நானும் போனில் ஒன்றும் கேட்கவில்லை.

மிளகாய்த்தூளைப் பிரித்ததும் அறை முழுக்க எங்கள் குசினி மணம். இங்கே ஆட்கள் பாணுக்கு மேல் மீன்முட்டைக் களியைப் பற்பசை மாதிரி டியூபிலிருந்து பிதுக்கிச் சாப்பிடுகிறார்கள். எனக்கு அது இன்னும் பழகவில்லை. பின்னேரம் மூன்று மணிக்கு முன்னமே பொழுது பட்டுவிடுகிறது. நூலகத்தில் நல்ல வெளிச்சமும் சூடும் இருப்பதால் பூட்டும்வரை அங்கேயே இருந்து படிக்கிறேன். படத்தில் என் கையைப் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள், அது குளிருக்கு வெடித்தது. சனி ஞாயிறு வேலை பெரிய பாரமில்லை, சாப்பாடும் அங்கேயே கிடைக்கிறது. தோடு மீட்கிற காசைத் தை பிறந்ததும் அனுப்புவேன். அதை நினைத்து நித்திரை முழிக்காதீர்கள்.

கீழ்வீட்டில் எண்பது வயது தாண்டிய ஒரு அம்மா இருக்கிறா. உடுப்புத் தோய்க்கும் அறையில் யார் எத்தனை மணிக்கு என்று ஒரு அட்டவணை தொங்குகிறது. ஐந்து நிமிடம் பிந்தினாலும் வந்து கதவைத் தட்டுவா. போன மாதம் அரசாங்கம் வீட்டுக்கு வீடு ஒரு சிறு புத்தகம் அனுப்பியது, நெருக்கடியோ போரோ வந்தால் என்ன செய்வது என்று. இந்த நாடு கடைசியாகப் போருக்குப் போனது 1814 இல். இருநூறு வருடமாகச் சண்டை இல்லை. இந்த வருடம் மார்ச்சில்தான் நேட்டோ என்ற இராணுவக் கூட்டணியில் சேர்ந்தார்கள். அந்தப் புத்தகத்தை வாசித்த நாளிலிருந்து அவ தண்ணீர்க் கலன்கள் வாங்கி அடுக்குகிறா.

நான் எந்த ஊர் என்று தெரிந்ததும் ஒருநாள் என்னை நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போனா. செம்மஞ்சள் சதுரத்துக்குள் நீல முக்கோணம் போட்ட பலகை, தடித்த இரும்புக் கதவு. உள்ளே பழைய சைக்கிள்கள். அதுதான் இவர்களின் பங்கர். எங்கள் வளவில் பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை வைத்து அப்பா வெட்டியது ஞாபகம் வந்தது. "எவ்வளவு தண்ணீர் வைக்கவேண்டும், உனக்குத் தெரிந்திருக்குமே" என்று கேட்டா. தண்ணீரை விடுங்கள், காணி உறுதிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கதவடியில் தொங்கவிடுங்கள் என்றேன். உங்கள் மண்ணிறப் பையைத்தான் நினைத்துச் சொன்னேன். மறுநாளே ஒரு பை வாங்கிவிட்டா. இங்கத்தைய ஒளித் திருநாளான லூசியா நாளன்று குங்குமப்பூ போட்ட பணிஸ் நாலு கொண்டுவந்து தந்தா.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். "சண்டை ஏன் வருது எண்டு படிக்க சுவீடனுக்குப் போகவேணுமே? எங்களைக் கேட்டால் சொல்லமாட்டமே?" 1995 ஒக்டோபர் கடைசியில், யாழ்ப்பாண இடப்பெயர்வில், என்னைத் தோளில் போட்டுக்கொண்டு நாவற்குழிப் பாலத்தை நடந்து கடந்தவர் நீங்கள். உங்களுக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் ஒரு இடத்துச் சண்டையை மட்டும் வைத்துக்கொண்டு காரணம் சொல்ல முடியாது அம்மா. நூறு இடத்தை ஒரே அளவுகோலால் பார்க்கவேண்டும். நான் படிக்கும் இந்தச் சமாதான, மோதல் ஆய்வுத் துறையை இங்கே 1971 இல் தொடங்கினார்கள். இங்கே உலகத்துச் சண்டைகளை எண்ணுகிறார்கள். ஒரு வருடத்தில் 25 பேராவது மோதலில் இறந்தால் அது ஆயுத மோதல். 1000 ஆனால் போர். அப்படியானால் 24 பேர் இறந்த ஊர்? நானும் முதல் வகுப்பிலேயே அதைத்தான் கேட்டேன். எங்காவது ஒரு கோடு போடாவிட்டால் எண்ணவே முடியாது என்றார்கள். அது சரிதான், ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

பயிற்சிக்குப் பழைய செய்திகளைத் தருவார்கள். திகதி, இடம், யாருக்கும் யாருக்கும், இறந்தவர் எத்தனை. குறைந்த கணக்கு, சரியாக இருக்கக்கூடிய கணக்கு, கூடிய கணக்கு என்று மூன்று எண் போடவேண்டும். ஒருநாள் எனக்குக் கிடைத்த செய்திக் கட்டுக்குள் எங்கள் பக்கத்து ஊர் வந்தது. பெயரை யாரோ பிழையாக எழுதியிருந்தார்கள். எண் போடும் இடத்துக்கு வந்ததும் கை ஓடவில்லை. 2009 இல் போர் முடிந்தபோது வட்டுவாகலுக்குப் பிறகு ஒரு சேதியும் இல்லாத வாத்தியார் மாமாவை இந்த மூன்றில் எதற்குள் போடுவது? ஊர்ப் பெயரைத் திருத்திவிட்டு அறைக்கு வந்தேன். புட்டு அவித்து, சம்பல் இடித்து, கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தேன். உங்கள் கையால் ஒரு வாய் வேண்டும்போல் இருந்தது. அன்றைக்கு எழுதத் தொடங்கியதுதான் இந்தக் கடிதம்.

சரி, வீட்டு விஷயம். பெரியப்பா மதில் கட்டிக் கிணற்றுப் பாதையை மறிக்கப் போகிறார், அப்பா வழக்குப் போடப் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பகுதியை அப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஜேம்ஸ் ஃபியரன் என்ற அமெரிக்கர் 1995 இல் எழுதிய ஒரு கட்டுரையை எங்களை இரண்டு முறை படிக்கவைத்தார்கள். போரில் இரண்டு பக்கமும் இழக்கிறது, அப்படியிருக்க இழப்பதற்கு முன்பே ஏன் பேசித் தீர்க்கவில்லை என்பதுதான் அவரது கேள்வி. முதல் காரணம், தன் உண்மையான பலத்தை மறைத்துக் கூட்டிக் காட்டுவது. அப்பா தன்னிடம் கொழும்புச் சட்டத்தரணி இருக்கிறார் என்கிறார், பெரியப்பா கனடாக் காசு வருகிறது என்கிறார். இரண்டும் எவ்வளவு உண்மை என்று உங்களுக்குத் தெரியும். இரண்டாவது, இன்றைக்குச் சொன்ன சொல் நாளைக்கு நிற்கும் என்பதற்கு ஆள் இல்லாதது. படலை வைப்பேன் என்று பெரியப்பா சொல்கிறார்தானே? மதில் எழும்பியபிறகு படலையைப் பூட்டினால் என்ன செய்வது என்றுதான் அப்பா பயப்படுகிறார். அந்தப் பயம் நியாயமானது. 2002 இல் எங்கள் சந்தியால் வெள்ளை வாகனத்தில் போய்வந்த போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவில் சுவீடன்காரரும் இருந்தார்கள். மீறலை எழுதிக்கொள்ளத்தான் அவர்களால் முடிந்தது, தடுக்க அதிகாரம் இல்லை. அது எப்படி முடிந்தது என்று நாங்கள் பார்த்தோம்.

அதனால் வெறும் வாய்ச்சொல் போதாது. பேசித் தீர்த்துவைக்கிற இணக்கசபைக்குப் போங்கள், முடிவை எழுத்தில் வாங்குங்கள். சர்வேயர் அளந்தால் எல்லாம் தீரும் என்று அப்பா நினைக்கவேண்டாம். ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் போர்களைக் கணக்கெடுக்கும்போது நாடுகளின் எல்லை நீளத்தைத் தேடினார். ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் நடுவே உள்ள ஒரே எல்லை ஒரு ஏட்டில் 987 கிலோமீற்றர், இன்னொரு ஏட்டில் 1214. அளவுகோல் சிறுக்கச் சிறுக்க நீளம் கூடுமாம். எங்கள் கிளுவை வேலியும் நேராகவா நிற்கிறது?

கிணற்றைப் பிரிக்க முடியாது என்று பெரியப்பா சொன்னாராம். பூட்டன் காலத்தில் முறை வைத்துத்தானே இறைத்தார்கள்? திங்களும் வியாழனும் எங்கள் முறை என்று அம்மம்மா சொல்வா. மண்ணிறப் பையிலிருந்து சீதன உறுதியை எடுத்துப் பாருங்கள். கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் இரண்டாம் பக்கத்தில் இருக்கவேண்டும். தம்பியிடம் சொல்லி அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புங்கள், முத்திரை விழுந்த இடமும் தெரியவேண்டும்.

திருவெம்பாவைக்கு நீங்களும் பெரியம்மாவும் விடியப்புறம் ஒன்றாகக் கோயிலுக்குப் போவீர்களே, இந்த முறையும் போங்கள். அவவின் கால் நோவுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், சின்ன மாமியின் மகன் தையில் வரும்போது கொடுத்துவிடுகிறேன். முதலில் அவவிடம் கொடுத்துவிட்டு, பிறகு பெரியப்பாவிடம் கதையுங்கள்.

அன்பு மகள்