முதலில் பாதம், பிறகு சிப்

சுங்கை சிப்புட்

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதங்களுக்குப் பதில் எழுதாததற்கான வசவை நேரில் வரும்போது வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் அனைவரும் நலம். கிராணியார் மகன் அந்த மோட்டார் சைக்கிளை இன்னும் விற்கவில்லை.

இப்போது எழுத வைத்தவள் என் பேத்தி. செம்பனைத் தோட்டத்துச் சரிவுகளில் ஏறி இறங்கும் நாலுகால் ரோபோ ஒன்றைப் பல்கலைக்கழக இறுதியாண்டுக்காகச் செய்திருக்கிறாள். விடுமுறையில் அதைக் கொண்டுவந்து பழைய லயத்து வீடுகளுக்குப் பின்புற மேட்டில் நடக்கவிட்டாள். ஒவ்வொரு மூட்டும் எவ்வளவு வளைய வேண்டும் என்பதை முதுகிலிருந்த கணினி ஓயாமல் கணக்கிட்டு, வெட்டிப்போட்ட மட்டையில் கால் இடறியதும் மறுபடியும் முதலிலிருந்து கணக்கிட்டு, பாதி மேட்டிலேயே பேட்டரியைத் தீர்த்துவிட்டது. வேலை வாங்கும் நம் தண்டல் இருந்திருந்தால் அதற்கும் அரைநாள் கூலிக்கான அரைப் பேர்தான் போட்டிருப்பார்.

உயிர்கள் இப்படி நடப்பதில்லை. ஷிக், செவெரின், ஓர்லோவ்ஸ்கி என்னும் சோவியத் ஆய்வாளர்கள் 1966-இல், பெருமூளைத் தொடர்பு துண்டிக்கப்பட்ட பூனையை ஓடும் பட்டையின்மேல் நிறுத்தி, நடுமூளையின் ஓரிடத்தில் மின்தூண்டல் கொடுத்தார்கள். மெல்லத் தூண்டியபோது பூனை நடந்தது. தூண்டலைக் கூட்டக் கூட்ட ஓடியது, பிறகு பாய்ந்தது. மேலிருந்து வருவது கூட்டிக் குறைக்கும் தூண்டல் மட்டுமே; கால்களை மாற்றி மாற்றி வைக்கும் தாளம் தண்டுவடத்திலேயே இருக்கிறது. அந்தப் பூனையை நினைத்தால் மனம் கசக்கிறது. ஆனாலும் நடையைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பங்கு அப்படித்தான் கிடைத்தது.

சுவிட்சர்லாந்தின் லௌசான் நகரில் ஔக்கே ஐஸ்பெர்ட் குழுவினர் 2007-இல் வெளியிட்ட, பல்லி போன்ற நீர்நில உயிரான சாலமாண்டரைப் பின்பற்றிய ரோபோ இதே வழியில் இயங்குகிறது. தண்டுவட மாதிரிக்குக் கொடுக்கும் தூண்டலைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் கால்களுக்குத் தாளம் போடும் அலைவிகள் ஈடுகொடுக்க முடியாமல் ஓய்ந்துவிட, தலையிலிருந்து வாலுக்கு அலை ஓடி, நடை நீச்சலாகிவிடுகிறது. நம் பெரிய வாய்க்காலில் இறங்கும் உடும்பைப் பார்த்திருப்பாய்: நீரில் விழுந்ததும் நான்கு கால்களையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு, வாலை வீசியே அக்கரை சேர்ந்துவிடும்.

பேத்தியோ, நரம்பணுக்களைப் போலத் துடிப்புகளால் இயங்கும் இன்டெலின் லோயிஹி சிப் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறாள். 2017-இல் வந்த அதில் ஏறக்குறைய 130,000 செயற்கை நரம்பணுக்கள் உள்ளன. துடிப்பு வரும் நரம்பணு மட்டும் வேலை செய்ய, மற்றவை சும்மா கிடப்பதால் மின்சாரம் மிச்சமாகிறது. நல்லதுதான். ஆனால் நடையின் தாளம் சில சமன்பாடுகளுக்குள் அடங்கிவிடும். அவற்றை ஓட்டச் சாதாரணச் சிறு சிப்பே போதும். மட்டை இடறுவதையும் மண் சரிவதையும் கால் உணர்ந்து, அந்தக் கணமே தாளத்தைத் திருத்துவதில்தான் சிரமம் இருக்கிறது, துடிப்புச் சிப்புக்கு உண்மையான வேலையும் அங்கேதான். அவள் ரோபோவின் பாதத்தில் ஓர் அழுத்த உணரிகூட இல்லை!

இதையெல்லாம் நான் சொன்னால், ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு என்ன தெரியும் என்று சிரிக்கிறாள். நீ பினாங்கு பாயான் லெப்பாஸ் சிப் தொழிற்சாலைச் சட்டையைப் போட்டு முப்பது ஆண்டுக்குமேல் சிப்போடு வாழ்ந்தவன். நீ சொன்னால் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை உனக்கு அழைக்கச் சொல்லியிருக்கிறேன். முதலில் பாதத்தைச் சரிசெய்யச் சொல். சிப்பைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
கோவிந்தன்