வீட்டுப்பாடம் டைரிக்குத் திரும்பட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகள் கைப்பேசியும் கையுமாக இருப்பதற்குப் பெற்றோர் கொடுக்கும் செல்லமே காரணம் என்று பள்ளி விழாக்களில் தவறாமல் பேசுகிறார்கள். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு நாளுக்கு அரை மணி நேரம்தான் திரை என்று வீட்டில் வரையறுத்திருக்கிறோம். அதைக் குலைப்பது அவளுடைய பள்ளியேதான்.

இரவு ஏழரை மணிக்கு மேல் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் கரும்பலகையின் படம் ஒன்று வந்து விழுகிறது. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து எழுதி முடிப்பதற்குள், இடையிடையே வரும் அறிவிப்புகளில் எதையாவது தொட்டு அவள் வேறெங்கோ போய்விடுகிறாள். வகுப்பிலேயே எழுதிக்கொண்டு வந்திருக்கக்கூடிய நான்கு வரிகள் அவை. ஆண்டுத் தொடக்கத்தில் காசு வாங்கிக்கொண்டு கொடுத்த டைரியோ விடுப்புக் கடிதத்துக்கு மட்டும் பயன்படுகிறது.

பள்ளிகள் பூட்டிக் கிடந்த 2020 ஜூலையில்கூட, முதல் எட்டு வகுப்புகளுக்கு ஒரு நாளில் 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு இணையவழி அமர்வுகளுக்கு மேல் கூடாது என்று அன்று மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் என்ற பெயரில் இருந்த ஒன்றியக் கல்வி அமைச்சகம் வழிகாட்டியது. பள்ளி முழுநேரம் நடக்கும் இன்று, மாலை வீடு திரும்பிய பிள்ளைக்கு அந்த வரம்பும் இல்லை.

தோழிகளின் நெருக்கடி தனி. வாட்ஸ்அப் கணக்குக்கு 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் விதி; பத்து வயதுப் பிள்ளைகள் தங்களுக்குள் குழு வைத்திருக்கிறார்கள். ஆண்டு விழா நடனத்துக்கு யார் யார் என்பது அங்கே முடிவாகி, என் மகளுக்கு மறுநாள்தான் தெரிந்தது. அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை; மூத்த பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்கென அன்று வாங்கிய கைப்பேசிதான் பல வீடுகளில் இளையதுக்கு இறங்கியிருக்கிறது.

வாட்ஸ்அப் குழுவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் விடுமுறை உண்டா என்று அறிய அது வேண்டும். வீட்டுப்பாடத்தை மட்டும் கடைசி மணி அடிக்கும் முன் டைரியில் எழுதச் செய்யுமாறு, தனியார் பள்ளிகளையும் சேர்த்து, பள்ளிக் கல்வித் துறை அறிவுறுத்த வேண்டும்.

பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேட்டபோது, "நீங்கள் ஒருவர்தான் சொல்கிறீர்கள்" என்றார்கள். கூட்டம் முடிந்து வாசலுக்கு வந்ததும் மூன்று தாய்மார்கள் என்னிடம் இதையே சொன்னார்கள். அடுத்த கூட்டத்தில் நால்வரும் சேர்ந்தே கேட்கவிருக்கிறோம்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
பெரம்பூர், சென்னை.