விதியை எழுதிவையுங்கள்: எடின்பரோவுக்கும் லண்டனுக்கும் ஒரு கடைக்காரனின் திறந்த மடல்

ஸ்கொட்லாந்தின் முதலமைச்சர் அவர்களுக்கும், பிரித்தானிய அரசின் ஸ்கொட்லாந்து விவகார அமைச்சர் அவர்களுக்கும் வணக்கம்.

இருவருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தாயிற்று. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். தமிழில் எழுதுவதற்கும் மன்னிக்க வேண்டும். கோபம் வந்தால் எனக்கு இந்தப் பாஷைதான் வரும். மகள் மொழிபெயர்த்து அனுப்புவாள், கொஞ்சம் மரியாதையைக் கூட்டியே போடுவாள்.

கிளாஸ்கோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு மூலைக் கடை வைத்திருக்கிறேன். பால், பாண், பத்திரிகை, லொட்டரி, ஐர்ன்-புரூ சோடா. போன செவ்வாய்க்கிழமை காலை ஷட்டரைத் தூக்கும்போது வாசலில் இரண்டு துண்டுப்பிரசுரங்கள் கிடந்தன. ஒன்றின்படி ஸ்கொட்லாந்தின் சுதந்திரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மற்றதின்படி இன்னொரு வாக்கெடுப்புக்கு இடமே இல்லை, ஆகவே அதைத் தடுக்க எங்களுக்கு வாக்களியுங்கள். இடமே இல்லாத ஒன்றைத் தடுக்க என் வாக்கு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. கைக்கெட்டும் தூரம் என்றால் யாருடைய கைக்கு என்றும் விளங்கவில்லை. இரண்டையும் திருப்பிப் பார்த்தேன். எப்படி, எப்போது, யார் தீர்மானிப்பது என்று ஒரு வரி கிடையாது. 2014இலிருந்தே கிடையாது.

ஸ்கொட்லாந்து பிரித்தானியாவிலிருந்து பிரிந்து தனிநாடாக வேண்டுமா என்று 2014 செப்டெம்பர் 18 அன்று நடந்த வாக்கெடுப்பில் நான் எந்தப் பக்கம் போட்டேன் என்று இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்களில் ஒருவர் இந்த மடலை இந்த இடத்திலேயே மடித்து வைத்துவிடுவீர்கள். போட்டேன் என்பது மட்டும் உண்மை. அப்போது என்னிடம் இருந்தது இலங்கைக் கடவுச்சீட்டு. பொதுநலவாய நாட்டுக்காரன், இங்கே வசிப்பவன், அது போதும் என்று விட்டீர்கள். கடைக்கு வரும் ஒருவருடைய மகன் இங்கேயே பிறந்து வளர்ந்து லண்டனில் வேலை செய்தான். அவனுக்கு வாக்கில்லை, எனக்கு இருந்தது. அவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரிப்பில் கொஞ்சம் புளிப்பும் இருக்கும்.

எனக்கு அந்த நாள் எவ்வளவு பெரிய நாள் என்பதை நீங்கள் அறிய வாய்ப்பில்லை. நான் சிறுவனாக இருந்தபோது பார்த்த முதல் சர்வசன வாக்கெடுப்பு 1982 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில். பொதுத்தேர்தல் வைக்காமலே பாராளுமன்றத்தின் ஆயுளை இன்னும் 6 வருடம் நீட்டலாமா என்று நாட்டைக் கேட்டார்கள். ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். எங்கள் பக்கம் குடம் குடமாகப் போட்டார்கள். நாட்டில் விளக்கு வென்றது. அடுத்த வருடமே ஆறாவது திருத்தம் வந்தது. தனிநாடு வேண்டும் என்று கேட்பதே குற்றம் என்று ஆகிவிட்டது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தவனுக்கு, ஒரு அரசு தானாகவே, இந்த நாடு எங்களோடு இருக்கட்டுமா போகட்டுமா என்று பென்சிலைக் கையில் கொடுத்துக் கேட்டது அதிசயமாக இருந்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இருவர், ஒருவர் நெஞ்சில் ‘யெஸ்’, மற்றவர் நெஞ்சில் ‘நோ தாங்க்ஸ்’, கால்பந்தைப் பற்றித்தான் சண்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். வாக்காளரில் 84.6 வீதம் பேர் போட்டார்கள். வேண்டாம் 55, வேண்டும் 45. கணக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை என்பது உங்களுக்கே தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்க வேண்டுமானால் பிரித்தானியாவோடு இருங்கள் என்று 2014இல் சொல்லப்பட்டது. 2016இல் ஸ்கொட்லாந்தின் 32 உள்ளூராட்சிப் பிரதேசங்களும் ஒன்றியத்தில் இருப்போம் என்று வாக்களித்தன, ஆனாலும் வெளியே வந்துவிட்டோம். அப்போது ஒரு பக்கம், நிலைமை மாறிவிட்டது, மறுபடி கேளுங்கள் என்றது. மறுபக்கம், தலைமுறைக்கு ஒருமுறை என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றது. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. எடின்பரோவில் இருக்கும் ஸ்கொட்லாந்து அரசின் 2013 வெள்ளை அறிக்கையில் அந்தச் சொல் இருக்கிறதுதான். 2014 வாக்கெடுப்புக்குப் பிறகு, ஸ்கொட்லாந்துக்கு இன்னும் என்ன அதிகாரம் கொடுக்கலாம் என்று ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றத்தின் ஐந்து கட்சிகளும் உட்கார்ந்து எழுதிய ஸ்மித் ஆணைக்குழு அறிக்கையில், மக்கள் விரும்பினால் எதிர்காலத்தில் ஸ்கொட்லாந்து சுதந்திர நாடாவதை இது எந்த வகையிலும் தடுக்காது என்றும் இருக்கிறதுதான்.

சரி, தலைமுறை என்றால் எத்தனை வருடம்? என் மகளுக்கு 2014 ஓகஸ்டில் 16 வயது. அடுத்த மாதமே வாக்குப் போட்டாள். 2016 ஜூனில் 17 வயது. அந்த வாக்கெடுப்பில் 18 வேண்டும் என்றார்கள், அவளுக்கு இல்லை. 16 வயதில் ஒரு நாட்டின் தலைவிதியைத் தீர்மானித்தவள் 17 வயதில் சின்னப் பிள்ளையாகிவிட்டாள். இப்போது அவள் கையில் ஒரு குழந்தை. எங்கள் வீட்டுக் கணக்கில் ஒரு தலைமுறை வந்து தவழ்கிறது. உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். இருக்கட்டும், ஆனால் அந்தக் கணக்கை எழுதிவையுங்கள். இதைத்தான் கேட்கிறேன்.

பிறகு சொல்கிறேன் என்ற கதை இதுதான்.

என் கடையில் எரிவாயு மீற்றருக்கு அட்டையில் காசு ஏற்றலாம். குளிர்காலத்தில் யார் எவ்வளவு ஏற்றுகிறார்கள் என்பதை வைத்தே இந்தத் தெருவின் நிலைமையைச் சொல்லிவிடுவேன். ஒரு கிழவி வருவார். பெயர் வேண்டாம், நான் மனசுக்குள் ஆச்சி என்றுதான் சொல்வேன், அவர் என்னை மகன் என்பார். முந்திய வருடங்களில் நவம்பர் வந்தால் ஒரேயடியாக 40 பவுண், 50 பவுண் ஏற்றிக்கொண்டு போவார். முதியோருக்கான குளிர்கால எரிபொருள் கொடுப்பனவு வரும் என்ற தைரியம். 2024இல் அவருக்கு 79 வயது. அந்தக் குளிர்காலம் அவருக்கு அந்த 200 பவுண் வரவில்லை. வறிய முதியோருக்கான உதவி பெறுவோருக்கு மட்டும்தான் என்று ஆக்கிவிட்டார்கள். அந்த உதவிக்கு வேண்டிய எல்லையை அவருடைய ஓய்வூதியம் வாரத்துக்குச் சில பவுண் தாண்டியிருந்தது, அவ்வளவுதான்.

டிசம்பரில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரத் தொடங்கினார். 5 பவுண். ஒவ்வொரு தடவையும் 5 பவுண். கையுறையைக் கழற்றாமலே சில்லறையை எண்ணுவார். நாணயம் விழுந்தால் நான் குனிந்து எடுப்பேன். வெந்நீர்ப் போத்தலை மேற்சட்டைக்குள் வைத்துக்கொண்டே ஒருமுறை கடைக்கு வந்தார். மகன், நடக்கும் அடுப்பு நான் என்றார்.

அவருக்குக் கண் சரியில்லை என்பதால் அவருக்காக இரண்டு மின்னஞ்சல் எழுதினேன். ஒன்று லண்டன் பாராளுமன்றத்தில் இருக்கும் ஒருவருக்கு, ஒன்று ஹொலிரூட்டில், அதாவது எடின்பரோவிலுள்ள ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றத்தில், இருக்கும் ஒருவருக்கு. முதல் பதில்: இந்தக் கொடுப்பனவு இப்போது ஸ்கொட்லாந்து அரசின் அதிகாரத்துக்கு வந்துவிட்டது, அங்கே கேளுங்கள். இரண்டாவது பதில்: லண்டன் காசை வெட்டிவிட்டது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது, சுதந்திர ஸ்கொட்லாந்தில் இப்படி நடக்காது. இரண்டையும் கல்லாவுக்கு முன்னால் நின்று அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஆச்சி கேட்டுவிட்டு, சுதந்திரம் வரும்வரைக்கும் 5 பவுண் போடு மகன் என்றார்.

இரண்டு பதிலிலும் பொய் இல்லை. அதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. அடுத்த குளிர்காலத்துக்கு எடின்பரோ அந்தக் கொடுப்பனவை வேறு பெயரில் கொண்டுவந்தது, லண்டனும் தன் பக்கத்தில் கொஞ்சம் இறங்கி வந்தது. நன்றி. ஆனால் 2024 டிசம்பர் எப்படியோ கடந்துதான் போனது, கையுறைக்குள் விரல் விறைக்க விறைக்க. தீர்க்கப்படாத ஒரு கேள்வி நடுவில் கிடக்கும்வரை, நீங்கள் இருவரும் எந்தக் குறையையும் அதன் மேல் தூக்கிப் போட்டுவிட்டுப் போகலாம். ஒருவருக்கு அது வாக்குறுதி, மற்றவருக்கு அது பூச்சாண்டி. ஆச்சிக்கு அது 5 பவுண்.

அதனால் திரும்பவும் கேட்கிறேன்: வாக்கெடுப்பு வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ நான் எழுதவில்லை. அது எப்போது வரலாம், எப்போது வரக்கூடாது என்ற விதியைச் சட்டமாக எழுதிவையுங்கள்.

இப்போது இருக்கும் வழி என்ன? 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதியரசர்களும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள், லண்டன் பாராளுமன்றமான வெஸ்ட்மினிஸ்டர் சம்மதிக்காமல் ஹொலிரூட் இதற்குச் சட்டம் போட முடியாது என்று. ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் வெஸ்ட்மினிஸ்டர் எதைக் கண்டால் சம்மதிக்கும்? 2017இல் பிரதமராக இருந்த தெரேசா மே, இது அதற்கான நேரமல்ல என்றார். 2020 ஜனவரியில் அடுத்த பிரதமர் பொரிஸ் ஜோன்சன் கடிதம் போட்டு மறுத்தார். 2021இல் சுதந்திரம் கேட்கும் கட்சிகள் ஹொலிரூட்டின் 129 ஆசனத்தில் 72 எடுத்தன. அது மக்கள் ஆணை ஆகாது என்றீர்கள். 2024இல் சுதந்திரம் கேட்கும் பெரிய கட்சியான எஸ்.என்.பி. (ஸ்கொட்லாந்து தேசியக் கட்சி) லண்டனுக்கு அனுப்பிய எம்.பி.க்கள் தொகை 48இலிருந்து 9 ஆகச் சுருங்கியது. பார்த்தீர்களா, ஆதரவே இல்லை என்றீர்கள். வென்றால் நேரமில்லை, தோற்றால் தேவையில்லை. வழி இருக்கிறது என்று மட்டும் சொல்கிறீர்கள், வழிகாட்டிப் பலகையைக் காணோம்.

முதலமைச்சர் அவர்கள் இந்த இடத்தில் தலையாட்ட வேண்டாம். உங்கள் பக்கத்து அளவுகோலும் ரப்பரில் செய்ததுதான். ஒரு வருடம், அடுத்த பொதுத்தேர்தலையே வாக்கெடுப்பாக எடுப்போம் என்றீர்கள். அடுத்த வருடம், பாதிக்கு மேல் ஆசனம் கிடைத்தால் போதும் என்றீர்கள். கிடைத்தது 9. அதன் பிறகு அந்த அளவுகோல் எந்த அலுமாரிக்குள் போனதோ. கிளைட் ஆற்றங்கரையில் 2017இல் ஒரு படகை வெள்ளோட்டம் விட்டீர்கள், நினைவிருக்கும். கண்ணாடி வராததால் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் பெயின்ற் அடித்திருந்தது. அரன் தீவுக்காரர்கள் அதில் ஏற 2025 ஜனவரி வரைக்கும் காத்திருந்தார்கள். சுதந்திரத்தைப் பற்றிய உங்கள் அறிக்கை ஒவ்வொன்றையும் வாசிக்கும்போது எனக்கு அந்த ஜன்னல்கள்தான் ஞாபகம் வரும்.

மன்னிக்கவும், படகைப் பற்றி எழுத உட்காரவில்லை. ஆனால் ஒன்றைத் தொட்டால் எல்லாம் வருகிறது. லண்டனில் ஒரு கடையில் ஸ்கொட்லாந்து வங்கி அச்சடித்த 20 பவுண் தாளை நீட்டினால் இன்றைக்கும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வேறு காசு இல்லையா என்று கேட்கிறார்கள். ஒரே நாடு என்று எனக்கு வகுப்பெடுக்கும் முன் அந்தக் கடைக்காரருக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருக்கலாம்.

விதி எழுதுவது முடியாத காரியம் என்று சொல்லமாட்டீர்கள் என்று நம்புகிறேன், ஏனென்றால் ஏற்கனவே எழுதியிருக்கிறீர்கள். 1998 வட அயர்லாந்துச் சட்டத்தில் இருக்கிறது. பெரும்பான்மையினர் ஐக்கிய அயர்லாந்துக்கு வாக்களிப்பார்கள் என்று அமைச்சருக்குத் தோன்றினால் அவர் வாக்கெடுப்பு நடத்தியே ஆகவேண்டும். ஒன்று நடந்தால் அடுத்ததற்கு 7 வருட இடைவெளி. அமைச்சருக்கு எப்போது தோன்றும் என்பதில் அங்கேயும் தகராறு இருக்கிறது, தெரியும். ஆனாலும் தகராறு பண்ணுவதற்கு ஒரு வரி இருக்கிறது. எங்களுக்கு அதுவும் இல்லை.

எழுதும்போது ஆட்டத்துக்கு முன்னால் எழுதுங்கள். 1979இல் ஸ்கொட்லாந்துக்கு ஒரு சட்டமன்றம் வேண்டுமா என்று கேட்டபோது 51.6 வீதம் பேர் வேண்டும் என்றார்கள். ஆனால் பதிவு செய்த எல்லா வாக்காளரிலும் 40 வீதம் வேண்டும் என்று சட்டமூலம் போகும் வழியில் ஒரு திருத்தம் செருகப்பட்டிருந்தது. வராதவர்களையும் செத்தவர்களையும் எதிர்ப்பக்கம் எண்ணியது போல ஆயிற்று, சட்டமன்றமும் கிடைக்கவில்லை. அந்தக் கசப்பை இன்னும் என் கடையில் பால் வாங்க வருகிறவர்கள் சொல்கிறார்கள், இத்தனை வருடத்துக்குப் பிறகும். எல்லை 50 என்றால் 50 என்று எழுதுங்கள். 60 என்றால் அதைச் சொல்லும் தைரியத்தோடு எழுதுங்கள். இடைவெளி 7 வருடமா, 15 வருடமா, 25 வருடமா, அதையும் போடுங்கள். 25 என்று எழுதினால் நான் சண்டைக்கு வரமாட்டேன். எடுத்துக் கலண்டரில் குறித்துவைத்துவிட்டு, அதுவரைக்கும் உங்கள் இருவரிடமும் ஆஸ்பத்திரியையும் குளிரையும் பற்றி மட்டும் கேட்பேன்.

இது பெரிய விசயம், ஒரு கடைக்காரன் சொல்லியா செய்வது என்று நினைக்கலாம். 2012இல் எடின்பரோவில் அப்போதைய பிரதமர் கமரனும் அப்போதைய முதலமைச்சர் சல்மண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்து, 2014 வாக்கெடுப்புக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவரையொருவர் எவ்வளவு பிடித்திருந்தது என்பது உலகத்துக்கே தெரியும். அவர்களுக்கு முடிந்தது.

தயவுசெய்து உட்கார்ந்து எழுதுங்கள். பதில் ஒரு பக்கத்துக்குள் இருந்தால் நல்லது, பத்திரிகைத் தட்டுக்கு மேலே ஒட்டிவைக்க இடம் இருக்கிறது. ஆச்சிக்கு நானே வாசித்துக் காட்டுவேன். இருவரும் தனித்தனியாக அனுப்பினாலும் பரவாயில்லை. மற்றவரைப் போய்க் கேளுங்கள் என்று மட்டும் எழுதாதீர்கள், அந்தப் பதில் என்னிடம் ஏற்கனவே இரண்டு இருக்கிறது.

பணிவுடன்,
கிளாஸ்கோவிலிருந்து ஒரு கடைக்காரன்