சிறு கல்லூரிக் கோல்ஃப் அணியில் பிள்ளையைச் சேர்க்க விரும்பும் அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோர்களே,

வணக்கம். ஒஹாயோ மாநிலத்தில், இரண்டாயிரம் மாணவர்கள்கூட இல்லாத ஒரு கல்லூரியில் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுக்கும் கோல்ஃப் பயிற்சியாளராக இருக்கிறேன். நம் குடும்பங்களிலிருந்து எனக்கு வரும் மின்னஞ்சல்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிவருகின்றன. நான் தமிழன் என்று தெரிந்ததும் பலர் நேரடியாகத் தொலைபேசியில் அழைத்து உரிமையோடு பேசுகிறீர்கள். அதே உரிமையோடுதான் நானும் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் பணம். எங்கள் கல்லூரி, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மூன்றாம் பிரிவைச் சேர்ந்தது. அப்பிரிவிலுள்ள நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் எதுவும் விளையாட்டுக்காக உதவித்தொகை தரக்கூடாது. நிதியுதவியை முடிவு செய்யும்போது மாணவரின் ஆட்டத்திறனைக் கணக்கில் எடுக்கவும் கூடாது. படிப்பையும் குடும்ப வருமானத்தையும் வைத்தே அது முடிவாகிறது, நான் சொல்வதால் அதில் ஒரு டாலர்கூட அதிகமாகாது. முதல் பிரிவிலும் நிலைமை நீங்கள் நினைப்பதுபோல் இருந்ததில்லை: 2025 வரை ஆண்கள் கோல்ஃப் அணி ஒன்றுக்கு மொத்தமே 4.5 முழு உதவித்தொகைகளுக்கு ஈடான தொகைதான் அனுமதி, அதையும் எட்டு ஒன்பது பேருக்குப் பங்கிட்டார்கள். இந்திய வம்சாவளியினரான சாகித் தீகலா பெப்பர்டைன் பல்கலைக்கழகத்துக்கு ஆடிப் பின்னர் தொழில்முறை ஆட்டக்காரரானதைப் பலர் எனக்கு நினைவூட்டுகிறீர்கள். எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் பத்தாண்டுகளாகப் பயிற்சிக்குச் செலவிட்ட தொகை கல்லூரிக் கட்டணத்தில் திரும்பி வந்துவிடும் என்று எண்ணிக் கணக்குப் போட்டிருந்தால், அந்தக் கணக்கை இன்றே மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஸ்கோர், அதாவது பதினெட்டுக் குழிகளையும் முடிக்க ஆன அடிகளின் எண்ணிக்கை; அது குறையக் குறைய நல்லது. "என் மகள் 75 அடிக்கிறாள்" என்று மட்டும் எழுதினால் எனக்கு எதுவும் விளங்குவதில்லை. ஒவ்வொரு மைதானத்துக்கும், அதிலும் ஒவ்வொரு டீக்கும் (ஆட்டம் தொடங்கும் இடத்துக்கும்), கைதேர்ந்தவர் அங்கே எவ்வளவு அடிப்பார் என்று காட்டும் மதிப்பீடு என்று ஓர் எண்ணும், மற்றவர்களுக்கு அது எவ்வளவு கூடுதல் கடினம் என்று காட்டும் சரிவெண் என்று ஓர் எண்ணும் உண்டு. மதிப்பீடு 67.5, சரிவெண் 113 உள்ள எளிய மைதானத்தில் அடித்த 75, ஆட்டத்திறனை அளக்கும் ஹேண்டிகேப் கணக்கில் 7.5 ஆகிறது, மதிப்பீடு 73.5, சரிவெண் 135 உள்ள கடினமான இடத்தில் அதே 75 வெறும் 1.3 ஆகிறது. எழுதும்போது மைதானத்தையும் டீயையும் சேர்த்து எழுதுவது அதனால்தான் முக்கியம்.

இவை தகவல்கள். நான் உண்மையில் சொல்ல வந்தது ஐந்தாவது ஆட்டக்காரரைப் பற்றி.

கல்லூரிப் போட்டிகளில் ஓர் அணிக்கு ஐந்து பேர் ஆடுகிறார்கள். ஒவ்வொரு நாளும் அவர்களில் சிறந்த நான்கு ஸ்கோர்களைக் கூட்டினால் அதுதான் அணியின் ஸ்கோர். ஓர் இலையுதிர் பருவப் போட்டியின் முதல் நாள் மாலை, ஒரு மாணவனின் தந்தை என்னிடம் வந்து, ஸ்கோர் சேராத பிள்ளையை மூன்று மணி நேரம் வண்டியில் ஏற்றிக் கூட்டிவந்து ஐந்து மணி நேரம் நடக்கவைப்பது எதற்கு என்று வருத்தத்தோடு கேட்டார். மறுநாள் எங்கள் அணியின் சிறந்த ஆட்டக்காரன் 84 அடித்தான். அந்தப் பையனின் 78 சேர்ந்தது. ஆனால் அது சேராமல் போயிருந்தாலும் என் பதில் மாறியிருக்காது. கடைசிப் பந்து குழியில் விழும்வரை எந்த நான்கு சேரும் என்று யாருக்கும் தெரியாது என்பதால்தான், 15ஆம் குழியில், பார் எனும் இலக்கைவிட எட்டு அடி கூடுதலாக இருக்கும் பிள்ளை அடுத்த அடியை அக்கறையோடு அடிக்கக் கற்றுக்கொள்கிறான். சிறு கல்லூரியில் நான் கற்றுக்கொடுக்கும் பாடங்களில் இதைவிடப் பெரியது எதுவும் இல்லை.

பருவத்தின் நடுவில் நான் யாருடைய ஸ்விங்கையும், அதாவது மட்டையை வீசும் முறையையும், மாற்றுவதில்லை. எந்தப் பக்கம் தவறினால் மீளலாம், பன்னிரண்டாம் குழிக்குள் எதையாவது சாப்பிட்டாக வேண்டும், கோபத்தோடு டீயில் ஏறக்கூடாது: என் வேலை பெரும்பாலும் இப்படிப்பட்டது. வேனை ஓட்டுவதும் நான்தான். விடுதி அறையில் வேதியியல் தேர்வெழுதும் மாணவிக்கு மேற்பார்வையாளரும் நான்தான். பனி மூடிய ஜனவரியில் உடற்பயிற்சிக் கூடத்தில் வலை கட்டிப் பந்தடிக்கிறோம், அந்த மாதங்களில்தான் அணி ஒரு குடும்பமாகிறது.

இதற்கெல்லாம் எனக்கு உங்களிடமிருந்து வேண்டியது கொஞ்சம் தூரம். மரத்தின் பின்னாலிருந்து எந்தக் கிளப்பை (மட்டையை) எடுப்பது என்று விரலால் காட்டும் அப்பாக்களையும், தமிழில் சொன்னால் நடுவருக்குப் புரியாது என்று நம்பும் அம்மாக்களையும் பார்த்திருக்கிறேன். அன்பினால் செய்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் ஆட்டத்தின் நடுவே யோசனை சொல்ல அணியால் நியமிக்கப்பட்டவருக்கு மட்டுமே அனுமதி. பார்வையாளர் ஒருவர் கேளாமல் சொன்ன யோசனைக்கு ஒருமுறை தண்டனை இல்லை. அவரே தொடர்ந்து சொல்லியும் ஆட்டக்காரர் தடுக்க முயலாவிட்டால், கேட்டு வாங்கியதாகவே கருதி இரண்டு அடி தண்டனை விழும். சொல்வது நீங்கள், அந்த இரண்டு அடி எழுதப்படுவதோ பிள்ளையின் அட்டையில். அதைவிட எனக்கு வலிப்பது, ஒவ்வோர் அடிக்குப் பிறகும் அந்தப் பிள்ளை முதலில் பந்தைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்ப்பது.

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த மின்னஞ்சலை உங்கள் மகனோ மகளோ எழுதட்டும். பிழைகள் இருந்தாலும் திருத்த வேண்டாம். நல்ல சுற்றுகளோடு, எல்லாம் கைவிட்டுப் போன ஒரு சுற்றையும், அன்று கடைசி மூன்று குழிகளை எப்படி ஆடினார்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். நான் அதைத்தான் முதலில் படிப்பேன்.

அன்புடன்,
ஒரு கல்லூரிக் கோல்ஃப் பயிற்சியாளர்
ஒஹாயோ