கான் வெட்டினவர்

அன்பு மகனுக்கு,

பாப்பாவுக்குப் பள்ளியில் குடும்பக் கதை எழுதச் சொன்னார்களாம். "பால் மரம் (ரப்பர் மரம்) சீவ வந்தவர்கள் என்று எழுதிவிடவாப்பா?" என்று கேட்டிருந்தாய். அது பாதிதான் சரி. என் தாத்தா மலாயாவில் கிள்ளான் பக்கம் வந்து சேர்ந்த தோட்டத்தில் அப்போது சீவ மரமே கிடையாது. அவருக்குக் கொடுத்தது கான், அதாவது தண்ணீர் வடியும் கால்வாய், வெட்டும் வேலை.

இந்தக் கடலோரம் முழுக்கக் களிமண். கடல் ஏறினால் உப்புத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். முதலில் கரை போடணும், அப்புறம் வரிசையாகக் கான் வெட்டணும். கான் போய் முடியும் இடத்தில் ஒரு மரக் கதவு. கடல் ஏறும்போது அடைப்பார்கள், வடியும்போது திறப்பார்கள். வெட்டின மண் மண்வெட்டியை விட்டு விழாதாம். ஒவ்வொரு தடவையும் கையால் வழித்து எறியணும். சுற்றிலும் தண்ணீர், குடிக்க மட்டும் மழைத் தண்ணீர். தாத்தாவின் கால் பெருவிரல் நகம் கடைசிவரை கறுத்தே இருந்தது. சின்ன வயதில் நான் அதைச் சுரண்டிப் பார்த்திருக்கிறேன். போகவில்லை.

காய்ச்சல் வேறு. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தைத் திறந்தார்கள். மலேரியாவால் இரண்டே மாதத்தில் மூடும்படி ஆயிற்று. கிள்ளானில் இருந்த டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடிக்கச் சொன்னார், காய்ச்சல் குறைந்தது. அவர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். மண்வெட்டி பிடித்தவர்களைத் தோட்டத்துக் கணக்கர் கிராணியின் செக்ரோலில், அதான் ஆள் பேர்ப் பதிவேட்டில்தான் தேடணும். அதைக் கறையான் தின்றிருக்கும்.

கரைமேல்தான் தோட்டத்துப் பாதை. அதில் சைக்கிளில் போகிறவன் வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் இறங்கி நிற்கணும். 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலை நிறுத்தம் நடந்தபோது, கூலி உயர்வோடு இதையும் ஒரு கோரிக்கையாக வைத்தார்கள்: இனி இறங்க மாட்டோம். பட்டாளம் வந்து சுட்டது, ஆட்கள் செத்தார்கள். என் அப்பா, உன் தாத்தாவும் அந்தக் கூட்டத்தில் நின்றவர்தான். ஆனால் துரைமார் போய் எத்தனையோ வருஷம் ஆன பிறகும், பங்களா வளைவு வந்தால் அவர் கால் தானாகத் தரையில் ஊன்றும். பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்குச் சிரிப்பாக வரும்.

இப்போது அங்கே எல்லாம் செம்பனை, பாமாயில் எடுக்கும் மரம். கான் மட்டும் நூல் பிடித்த மாதிரி அப்படியே போகிறது. போட்டோ எடுத்து அனுப்புகிறேன். பாப்பா எழுதி முடித்ததும் நீயும் அனுப்பு. 'கான்' என்பதை ஆங்கிலத்தில் என்னவென்று எழுதினாள் என்று பார்க்கணும்.

அன்புடன்,
அப்பா