பெரிய மார்க்கெட்டை இடிக்காம சரி பண்ணலாமே

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

புதுச்சேரி குபேர் அங்காடி, அதான் எங்க ஊர்க்காரங்க சொல்ற பெரிய மார்க்கெட்டை, ஸ்மார்ட் சிட்டி திட்டத்துல மொத்தமா இடிச்சிட்டு புதுசா கட்டணும்னு பேச்சு கிளம்பினதுலேர்ந்து மனசு கேக்கல, அதான் எழுதறேன். மார்க்கெட்டு நல்லா இருக்குன்னு சொல்ல வரல. மழை பேஞ்சா மீன் கடை பக்கம் கால் வைக்க முடியாது, தலைக்கு மேல கரண்ட் ஒயரு கொத்து கொத்தா தொங்குது, தீப்பிடிச்சா ஃபயர் சர்வீஸ் வண்டி உள்ள நுழையறதே கஷ்டம். எல்லாம் சரி பண்ண வேண்டியதுதான். ஆனா சாக்கடையும் ஒயரும் மாத்தறதுக்கு கட்டடத்தையே எதுக்குங்க இடிக்கணும்?

கடற்கரையில மேரி கட்டடம், அதான் பழைய நகராட்சி ஆபீஸ், என்ன ஆச்சுன்னு ஊருக்கே தெரியும். பிரெஞ்சுக்காரன் கட்டினது, கவனிக்காம விட்டு 2014 நவம்பர் மழையில சரிஞ்சு விழுந்துது, அப்புறம் உலக வங்கி பணத்துல அதே மாதிரி கட்டி திறக்கறதுக்குள்ள 2021 ஆயிடுச்சு. அது ஆபீஸ் கட்டடம், அத்தனை வருஷம் இல்லாமலும் ஊர் ஓடிச்சு. மார்க்கெட்டு அப்படி இல்லீங்க. "இன்னைக்கு சங்கரா வேணாம்பா, நேத்து வந்தது, நெத்திலி எடுத்துட்டு போ"ன்னு உரிமையா சொல்ற அந்த மீன்கார அம்மாவை ரெண்டு வருஷம் வேற எங்கயோ கொண்டுபோய் உக்கார வச்சா வாடிக்கை என்னாகும், அவங்க வீடு எப்படி ஓடும்?

வியாபாரிங்க கேக்கறது நியாயமாத்தான் படுது. ஒரு பகுதியை மட்டும் காலி பண்ணி வேலையை முடிச்சிட்டு அடுத்த பகுதிக்கு போங்க. முதல்ல தண்ணி வடியற வழி, அப்புறம் கூரை. பழைய சுவருக்கு சுண்ணாம்புக் காரைதான் பூசணும், மேல சிமெண்டை அப்பினா ஈரம் உள்ளயே தங்கி பெயந்து பெயந்துதான் விழும். இந்த வேலை தெரிஞ்ச கொத்தனாருங்க நம்ம ஊர்லயே இருக்காங்க, பழைய பிரெஞ்சு வீடுகளை எல்லாம் அவங்கதானே சரி பண்றாங்க.

இன்னொண்ணு. கடை வாடகை ரசீது வச்சிருக்கறவங்க எப்படியாவது வாதாடி இடம் வாங்கிடுவாங்க, தினம் அடிக்காசு மட்டும் குடுத்துட்டு தரையில கூடையோட உக்காரற பொம்பளைங்களுக்கு யார் பேசுவா? வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அவங்க பேரையும் சேத்து பட்டியல் போட்டு, யாருக்கு எந்த இடம் திரும்ப கிடைக்கும்னு எழுத்துல குடுக்கணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி